அலுமினியத்தில் நாலு குழி

எங்கள் பாலிடெக்னிக்கில் ஒரு சிஎன்சி மில்லிங் மிஷின் இருந்தது. கம்ப்யூட்டரில் நாம் எழுதிக் கொடுத்தபடி தானே நகர்ந்து உலோகத்தைக் குடைகிற மிஷின். இரண்டாம் வருடம் முடிகிறவரை அதைப் பச்சை உறை போர்த்திய ஓர் உருவமாகத்தான் நான் பார்த்தேன். ஆயுத பூஜை அன்று உறையை எடுப்பார்கள். சந்தனம், குங்குமம் வைத்து, பொரி கடலை படைத்து, மறுநாள் மறுபடியும் மூடிவிடுவார்கள். பாடத்தில் அதைப் பற்றிப் படித்தோம். பரீட்சையில் அதன் படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தோம். அது ஓடுகிற சத்தத்தை மட்டும் எங்கள் வகுப்பில் யாரும் கேட்டதில்லை.

மூன்றாம் வருடப் புராஜெக்ட்டுக்கு ஆளாளுக்குத் தலைப்பு தேடிக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலைப்பு பெரிதாகத் தெரியவில்லை. அந்த உறையைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான். எதைச் செய்தாலும் அந்த மிஷினில்தான் செய்வது என்று முடிவு பண்ணியிருந்தேன்.

அவ்வளவு தைரியம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், கம்ப்யூட்டரில் வரைவதிலிருந்து என்றுதான் சொல்வேன். எங்கள் வீடு மந்தாரக்குப்பத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்துவதை வாரிப் போடும் கேங்கில் இருந்தார். வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. இரண்டாம் வருட லேப்பில்தான் முதல் தடவையாக மவுஸைப் பிடித்து ஒரு சதுரம் வரைந்தேன். அடுத்த பொத்தானை அமுக்கியதும் அந்தச் சதுரம் எழும்பி ஒரு பெட்டியாக நின்றது. திருப்பிப் பார்த்தேன். அதற்கு முதுகும் இருந்தது. அடியும் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி தனியா சிரிக்கிற?" என்று பக்கத்து சீட்டிலிருந்தவள் கேட்டாள்.

"இங்க பாரு, பின்பக்கமும் இருக்கு."

"இருக்காம எங்க போவும்?" என்றாள் அவள்.

அவள்தான் பிறகு என் புராஜெக்ட் கூட்டாளி. அவளுடைய அப்பா அனல்மின் நிலையத்தில் பெர்மனென்ட். காரைக்குடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அவள் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில்தான். நான் அவசரக்காரி, அவள் நிதானக்காரி. புது மிக்ஸி வாங்கினால்கூட அதோடு வருகிற சின்னப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவாள். தன் சைக்கிளைத் தானே முழுக்கக் கழற்றி மாட்டியிருக்கிறாள். எனக்குத் திரையில் என்ன வேண்டுமானாலும் வரையத் தெரியும். ஒரு நட்டைக் கழற்றச் சொன்னால் எந்தப் பக்கம் திருப்புவது என்று ஒரு நிமிடம் யோசிப்பேன். நாங்கள் இருவரும் சேர்ந்தது வருகைப் பதிவேட்டில் எங்கள் பெயர்கள் அடுத்தடுத்து இருந்ததால்தான். ஆனால் தேடிப் பிடித்திருந்தாலும் அப்படி ஒரு ஜோடி அமைந்திருக்காது.

என்ன செய்வது என்பது ஒரு மத்தியான சாப்பாட்டில் முடிவானது. அவள் டிபன் பாக்ஸில் அவள் அம்மா சுட்ட காரப் பணியாரம். நான் ஒன்றை எடுத்துக் கடிக்காமல் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"கெட்டுப்போச்சா?"

"இல்லடி. இதோட கீழ்ப்பாதி அப்படியே அரைக்கோளம். கால் வட்டம் ஒண்ணு போட்டு ஒரு சுத்து சுத்தினா போதும், வந்துரும்."

"என்ன வந்துரும்?"

"பணியாரக் கல்லு. அலுமினியத்துல. நம்ம மிஷின்ல."

அவள் மென்றுகொண்டே யோசித்தாள். தட்டையாக ஓரங்களை வெட்டுவது எல்லோரும் படத்தில் பார்ப்பது. குழிவாக, உருண்டையாகக் குடைவது வேறு விஷயம். அதற்கு உருண்டை முனைக் கட்டர் வேண்டும், மிஷின் மூன்று திசையிலும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். அவள் பணியாரத்தை விழுங்கிவிட்டு, "கஷ்டமா இருக்கும்," என்றாள். அவள் வாயில் அது சம்மதம்.

எங்கள் வழிகாட்டி ஆசிரியர் நல்லவர்தான். மைன்ஸில் மண் தோண்டும் ராட்சதச் சக்கரத்தின் மாதிரியை வருடா வருடம் யாராவது ஒரு கூட்டத்தார் அட்டையிலோ தகரத்திலோ செய்துகொண்டிருந்ததால், எங்களுக்கும் அதையே சொன்னார். நான் பணியாரக் கல் என்றதும் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"ரெண்டு பொண்ணுங்க, பணியாரக் கல்லு. பசங்க சிரிக்க மாட்டாங்களாம்மா?"

"சிரிக்கட்டும் சார். நாங்க பணியாரம் செய்யல. குழி செய்யறோம். அவங்க செய்யற சக்கரத்துல ஒரு பல்லாவது இந்த மிஷின்ல வெட்டினதா இருக்கா?"

கூட்டாளி என் துப்பட்டாவைப் பின்னாலிருந்து இழுத்தாள். ஆசிரியர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "சரி, தலைப்ப மட்டும் ஒழுங்கா வைங்க," என்றார். அதனால் எங்கள் பணியாரக் கல் காகிதத்தில் 'கோள வடிவக் குழிகள் கொண்ட அலுமினியச் சமையல் தட்டு: வடிவமைப்பும் உருவாக்கமும்' ஆயிற்று. வகுப்பில் எங்களுக்குப் 'பணியாரம் டீம்' என்றே பெயர். கூப்பிட்டால் நான் திரும்பிப் பார்ப்பேன்.

வரைவது எனக்குச் சந்தோஷமான வேலை. ஓய்வு வகுப்புகளில் லேப்பில் உட்கார்ந்தேன். லேப் கிடைக்காத நாள்களில் கூட்டாளி வீட்டுக்குப் போய், அவள் அண்ணன் விட்டுப் போயிருந்த பழைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். ஒரு குழியை வரைந்து, அதை நகலெடுத்து வட்டமாக அடுக்கி, நடுவில் ஒன்று வைத்தேன். ஏழு போதாது என்று இன்னொரு சுற்று. பிடி, பிடியில் விரல் பதிய ஒரு வளைவு, ஓரமெல்லாம் மழுங்கல். பத்தொன்பது குழிக் கல் திரையில் கோயில் தேர்ச் சக்கரம் மாதிரி மினுமினுத்தது. வெளிச்சம் விழும் திசையை மாற்றி மாற்றி அழகு பார்த்தேன்.

"மிஷின் டேபிள் எவ்ளோ அகலம் தெரியுமா?" என்று கூட்டாளி ஒருநாள் கேட்டாள்.

தெரியாது. திரையில் எல்லாமே கையகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. நாங்கள் லேப்புக்குப் போய், உறையைப் பாதி தூக்கி, டேப் வைத்து அளந்தோம். அது மாணவர்களுக்கென்று செய்த சின்ன மிஷின். என்னுடைய தேர்ச் சக்கரம் அதன் கதவுக்குள்ளேயே நுழையாது. மேஜை நகரக்கூடிய தூரத்துக்குள் நாலு குழி போடலாம். பிடி கிடையாது. சதுரக் கட்டி, அதில் நாலு குழி.

எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அன்று சாயங்காலமே உட்கார்ந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தேன். நாலு குழியை வரைய எனக்கு ஆன நேரம் கூட்டாளி ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம். அப்போதுதான் நான் எவ்வளவு கற்றிருக்கிறேன் என்பது எனக்கே தெரிந்தது.

லேப் சாவி வைத்திருந்தவரை நாங்கள் அண்ணா என்போம். மிஷினுக்கு ஏதாவது ஆனால் முதலில் அவரைத்தான் கூப்பிட்டுக் கேட்பார்கள். அதனால் அவர் அதை யாரிடமும் கொடுப்பதில்லை.

"கெட்டுப்போனா நான்தாம்மா பதில் சொல்லணும்."

"ஓட்டாமயே கெட்டுப்போனா யாருண்ணா பதில் சொல்லுவாங்க?" என்றேன்.

அவர் உறையைக் கழற்றினார். உள்ளே மேஜையில் போன வருடக் குங்குமம் இருந்தது. கூட்டாளி மண்ணெண்ணெய் தொட்ட துணியால் மிஷின் முழுக்கத் துடைத்தாள், ஒரு நாள் முழுக்க அதன் புத்தகத்தைப் படித்தாள், எண்ணெய் விடும் இடங்களையெல்லாம் தேடித் தேடி விட்டாள். சுவிட்சைப் போட்டதும் மிஷின் ஒரு பெருமூச்சு விட்டு, மேஜையை மெல்ல இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. நாங்கள் மூன்று பேரும் கை தட்டினோம். அண்ணாதான் முதலில் தட்டினார்.

அலுமினியத்தில் நேரடியாகக் கை வைக்கப் பயமாக இருந்தது. பழகிப் பார்க்க மெத்தென்ற ஒரு பொருள் வேண்டும். நான் மந்தாரக்குப்பம் கடையில் மஞ்சள் சலவை சோப்புக் கட்டி வாங்கிக்கொண்டு போனேன். அதைப் பிடிப்பானில் இறுக்கி, நான் எழுதிய புரோகிராமை ஏற்றி, ஓட விட்டோம். கட்டர் சோப்புக்குள் இறங்கியது. மஞ்சள் துருவல் கண்ணாடியெல்லாம் ஒட்டியது. லேப் முழுக்கத் துணி துவைக்கிற வாசனை. பக்கத்து வெல்டிங் ஷாப்பிலிருந்து பையன்கள் எட்டிப் பார்த்து, "பணியாரம் டீம் துணி துவைக்குது," என்று கத்திவிட்டு ஓடினார்கள். நான் பிடிப்பானைத் தளர்த்திச் சோப்பைக் கையில் எடுத்தேன். அதில் ஒரு குழி. நான் திரையில் வரைந்த அதே குழி, கட்டை விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு அடிவரை போகிறது. திரையில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். விரலை வைத்தது அப்போதுதான்.

வீட்டில் அந்தச் சோப்பை அம்மா துணி துவைக்க எடுத்துவிட்டாள். "குழி தோண்டி வச்சிக்கினு இன்னா வெளாட்டு," என்று ஒரு திட்டும் கிடைத்தது.

அலுமினியக் கட்டி பாண்டிச்சேரியிலிருந்து வந்தது. கூட்டாளியின் அப்பா ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். சமையல் பாத்திரத்துக்கு ஆகுமா என்று கடையில் இரண்டு தடவை கேட்டு வாங்கச் சொல்லியிருந்தோம்.

முதல் பகுதி நன்றாகவே ஓடியது. தட்டை முனைக் கட்டர் படிப்படியாக இறங்கி நாலு குழியையும் கரடுமுரடாகக் குடைந்தது. குழிகள் அப்போது கோயில் குளத்துப் படிக்கட்டு மாதிரி இருந்தன. அடுத்து உருண்டை முனைக் கட்டரை மாட்டி அந்தப் படிகளை வழித்தெடுக்க வேண்டும். கட்டரை மாற்றினோம். ஒவ்வொரு கட்டரும் ஒவ்வொரு நீளம். மாற்றியதும் அதன் முனை எங்கே இருக்கிறது என்று மிஷினுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டும். கட்டிக்கும் முனைக்கும் நடுவில் ஒரு துண்டுக் காகிதத்தை வைத்து, காகிதம் லேசாகப் பிடிபடும் வரை இறக்கி, அந்த இடத்தைக் குறிக்க வேண்டும். நான் கம்ப்யூட்டரில் புரோகிராமைச் சரிபார்த்துக்கொண்டிருந்ததால் அவள் செய்துவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்சம் முன்னால் நான் கையில் காகிதத்தோடு மிஷின் பக்கத்தில் நின்றதைப் பார்த்ததால், நான் செய்துவிட்டேன் என்று அவள் நினைத்தாள்.

பொத்தானை அமுக்கினேன். கட்டர் வேகமாக வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. குழிகளுக்கு நடுவில் இருந்த மேட்டில் நேராகக் குத்தி, கிறீச்சென்று கத்தி, டக்கென்று உடைந்தது. கூட்டாளியின் கை அதற்குள் சிவப்புப் பொத்தானில் இருந்தது. எல்லாம் நின்றது. உடைந்த துண்டு கண்ணாடியில் பட்டுக் கீழே விழுந்த சத்தம் மட்டும் தனியாகக் கேட்டது.

அண்ணா ஓடிவந்து மிஷினைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "அடி கிடி பட்டுதாம்மா?" என்றார் முதலில். எங்களுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு, "இதுக்குத்தான் நான் சொன்னது," என்று உறையை எடுக்கப் போனார்.

"அண்ணா, அஞ்சு நிமிஷம்," என்றேன். நான் யோசிக்க ஆரம்பித்திருந்தேன். மிஷினைக் கையால் மெதுவாக நகர்த்திப் பார்த்தாள் கூட்டாளி. எல்லாப் பக்கமும் ஒழுங்காக ஓடியது. கட்டர்தான் போயிருந்தது. கட்டியின் மேட்டில் நகக்கண் ஆழத்துக்கு ஒரு வடு. நான் ஸ்கேல் வைத்து அளந்தேன்.

"மேல்பக்கம் முழுக்க இந்த ஆழத்துக்குச் சீவிடலாம். குழியெல்லாம் அதே அளவு கீழ இறக்கிடறேன். கட்டி கொஞ்சம் மெலிசாகும், அவ்ளோதான்."

"அடி கனம் போதுமா?" என்றாள் அவள்.

கம்ப்யூட்டரில் குறுக்காக வெட்டிக் காட்டினேன். போதும். அண்ணா உறையைக் கையில் வைத்துக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தார். பிறகு அலமாரியைத் திறந்து, எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு புதுக் கட்டரை எடுத்துக் கொடுத்தார். வாங்கின நாளிலிருந்து யாரும் தொடாதது.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம். பொத்தானை அமுக்குகிறவள் சத்தமாகக் கேட்க வேண்டும்: "உயரம் வச்சாச்சா?" மற்றவள் போய்ப் பார்த்துவிட்டு, "வச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். நினைவிலிருந்து சொல்லக் கூடாது. இன்றைக்கும் நான் மனசுக்குள் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன்.

கல் தயாரானது. நாலு குழியும் வெள்ளி மாதிரி பளபளத்தன. எங்கள் வீட்டில் சுட்டுப் பார்ப்பது என்று முடிவு. கூட்டாளி தூக்கில் மாவோடு மினி பஸ் ஏறி மந்தாரக்குப்பம் வந்தாள். அப்பாவுக்கு அன்று ஜெனரல் ஷிப்ட் முடிந்திருந்தது. குளித்துவிட்டுத் தட்டோடு உட்கார்ந்துவிட்டார். அம்மா கல்லைக் கையில் வாங்கி எடை பார்த்தாள்.

"இம்மாங் கனம். இத நீ செஞ்சியா?"

"மிஷின் செஞ்சுதும்மா. மிஷினுக்கு நாங்க சொன்னோம்."

"அப்ப நீதான் செஞ்ச," என்றாள் அம்மா.

எண்ணெய் விட்டு மாவை ஊற்றினோம். ஓரம் சிவந்து வந்தது. வாசனை மாடிப்படி வரை போயிருக்கும். கூட்டாளி குச்சியை விட்டுத் திருப்பினாள். மேல் பாதி வந்தது. கீழ்ப் பாதி குழியோடு இருந்துவிட்டது. நாலும் அப்படியே.

"புதுக் கல்லு அப்படித்தான் ஒட்டும். பழக்கணும்," என்று அம்மா எண்ணெயும் வெங்காயமுமாகத் தேய்த்துத் தேய்த்துக் காய வைத்தாள். அடுத்த ஈடும் ஒட்டியது. கொஞ்சம் குறைவாக ஒட்டியது, அவ்வளவுதான். அப்பா பிய்ந்த துண்டுகளையெல்லாம் சட்னியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, "வாயில போனா ஒண்ணுதான் பாப்பா, நீ ஊத்து," என்று கூட்டாளிக்குத் தைரியம் சொன்னார்.

நான் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். அதன் அடியில் வட்ட வட்டமாகக் கோடுகள். பாயில் படுத்து எழுந்தவர் முதுகில் இருக்குமே, அந்த மாதிரி. கல் ஆறியதும் குழிக்குள் நகத்தை வைத்து இழுத்தேன். டிக் டிக் டிக் என்றது. கண்ணுக்குப் பளபளப்பு, நகத்துக்கு வரப்பு வரப்பாக இருந்தது. உருண்டை முனை ஒவ்வொரு சுற்றுக்கும் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும் என்பதை நான்தான் கொடுத்திருந்தேன். சீக்கிரம் முடியட்டும் என்று அகலமாகக் கொடுத்திருந்தேன். இரண்டு சுற்றுக்கு நடுவில் நிற்கிற மெல்லிய வரப்பில்தான் மாவு பிடித்துக்கொள்கிறது.

"உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிரலாமா?" என்றாள் கூட்டாளி. "ஒரு மணி நேர வேலை."

"வேணாம். சுத்துகள நெருக்கமாக் குடுக்கறேன். மிஷினே செய்யட்டும்."

"கல்ல மறுபடி அதே இடத்துல உக்கார வைக்கணும்டி. மயிரிழை தள்ளி உக்காந்தாலும் ஒரு பக்கம் வெட்டும், ஒரு பக்கம் வெட்டாது."

"அதனாலதான் குழிய எல்லாப் பக்கமும் கொஞ்சம் பெருசாக்கப் போறேன். எப்படி உக்காந்தாலும் முழுசா வழிச்சுரும்."

அந்த ஒரு விஷயத்தில்தான் நாங்கள் நிஜமாகவே சண்டை போட்டோம். தேய்த்தால் நாளைக்கே முடியும், ஏன் வம்பு என்பது அவள் கட்சி. தேய்ப்பது கையால் செய்கிற வேலை, நாம் கற்க வந்தது அது இல்லை என்பது என் கட்சி. அம்மா நடுவில் வந்து, "சாப்ட்டுட்டு அடிச்சுக்குங்க," என்றாள். கடைசியில் கூட்டாளி சொன்னாள்: "சரி, ஓட்டுவோம். ஆனா கட்டிய உக்கார வைக்கறது நானு. நீ பக்கத்துல நின்னு அவசரப்படுத்தக் கூடாது."

நான் அவசரப்படுத்தவில்லை. அவள் கட்டியைப் பிடிப்பானில் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, கட்டி சாய்ந்திருந்தால் காட்டிக்கொடுக்கும் டயல் கேஜின் முள் அசையாமல் நிற்கும் வரை திரும்பத் திரும்பச் சரிபார்த்தாள். நான் ஸ்டூலில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். பிறகு மிஷின் ஓடியது. இந்தத் தடவை வேலை மிக மெல்ல நகர்ந்தது. வகுப்பு முடிந்த பிறகுதான் ஓட்ட முடியும் என்பதால் ஒரு நாள் இரண்டு குழி, மறுநாள் இரண்டு. அண்ணாவுக்கு வடலூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்; இருந்தும் முதல் நாள் இரண்டாவது குழி முடிகிறவரை நின்றார். முடிந்ததும் நகத்தை விட்டுப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. அடியில் நட்ட நடுவில் மட்டும், கட்டர் முனை சுழன்ற இடத்தில், கடுகு அளவு ஒரு புள்ளி. அதை நாங்கள் விட்டுவிட்டோம். அந்தக் கல்லில் சுட்ட ஒவ்வொரு பணியாரத்துக்கும் அடியில் ஒரு தொப்புள் இருக்கும்.

வைவா நாள். லேப்புக்குள் கேஸ் அடுப்பு கூடாது என்று ஆசிரியர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், கூட்டாளி வீட்டு இன்டக்‌ஷன் அடுப்பைக் கொண்டுவந்திருந்தோம். வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. ராட்சதச் சக்கரத்தைப் பார்த்துவிட்டு எங்கள் மேஜைக்கு வந்தார். நான் வரைபடத்தைக் காட்டினேன். கூட்டாளி கல்லை அடுப்பில் வைத்துப் பொத்தானை அமுக்கினாள். அடுப்பு பீப் பீப் என்று கத்தி அணைந்தது. மறுபடி அமுக்கினாள். மறுபடி கத்தியது.

இரும்புப் பாத்திரம் இருந்தால்தான் அது சூடாகும். அலுமினியம் அதற்குப் பாத்திரமே இல்லை. மிக்ஸி புத்தகத்தைக்கூட முழுக்கப் படிக்கிறவள், தினமும் பார்க்கிற அடுப்பை யோசிக்கவில்லை, நானும்தான். அவள் முகம் வெளுத்துவிட்டது. பின்னாலிருந்து யாரோ, "பணியாரம் வேகல," என்றார்கள்.

"மேடம், ரெண்டு நிமிஷம்," என்று சொல்லிவிட்டு நான் வொர்க்‌ஷாப்புக்கு ஓடினேன். ஃபிட்டிங் பயிற்சிக்கு வெட்டி வைத்திருந்த இரும்புத் தகடு ஒன்று, இரண்டு பக்கமும் சமமாக மட்டம் செய்தது, பெஞ்சில் கிடந்தது. துணியால் துடைத்துக்கொண்டே திரும்பி வந்து அடுப்பில் அதை வைத்து, அதன் மேல் கல்லை வைத்தேன். அடுப்பு இந்தத் தடவை கத்தவில்லை.

"இரும்பு சூடாகும், அது கல்லுக்குக் கடத்தும். ரெண்டு பரப்பும் மட்டமா இருக்கறதால நல்லா ஒட்டி உக்காரும். கொஞ்சம் லேட்டாகும் மேடம்," என்றேன்.

"லேட்டாகட்டும். அதுவரைக்கும் நான் கேள்வி கேக்கறேன்," என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குழியின் வாய் ஓரத்தை எதற்கு மழுக்கியிருக்கிறீர்கள் என்றார். குச்சியை விட்டுத் திருப்பும்போது பணியாரம் கிழியக் கூடாது என்றேன். கட்டியை எப்படிப் பிடித்தீர்கள் என்று கேட்டபோது கூட்டாளி, வெளுத்த முகம் போய், டயல் கேஜையே கையில் எடுத்து வந்து விளக்க ஆரம்பித்துவிட்டாள். அவளை நிறுத்த முடியவில்லை. குழியை இன்னும் ஆழமாக்கினால் எவ்வளவு ஆழம் வரை இந்தக் கட்டர் போகும் என்று எக்ஸாமினர் என்னிடம் கேட்டார். நான் கம்ப்யூட்டரில் மாற்றி, அவர் கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டினேன். ஓர் ஆழத்துக்கு மேல் கட்டரின் கழுத்து குழியின் ஓரத்தில் இடித்தது. "இதுக்கு மேல நீளமான கட்டர் வேணும் மேடம்."

"சிமுலேஷன்லயே இடிச்சது நல்லது. நிஜத்துல எத்தன தடவ இடிச்சீங்க?"

"ஒரு தடவ," என்றோம் இருவரும் ஒரே நேரத்தில். அவர் சிரித்துவிட்டார். நான் மோதலையும் மேல்பக்கத்தைச் சீவியதையும் சொன்னேன். மற்றதையெல்லாம் விட அதைத்தான் அவர் கவனமாகக் கேட்டார்.

அதற்குள் கல் காய்ந்திருந்தது. மாவு ஊற்றினோம். திருப்பும்போது கூட்டாளி என்னைப் பார்த்தாள், நான் தலையாட்டினேன். நாலும் முழுசாகப் புரண்டு வந்தன. எக்ஸாமினர் ஒன்று, எங்கள் ஆசிரியர் ஒன்று, அண்ணா ஒன்று. நாலாவதை 'பணியாரம் வேகல' என்றவனுக்குக் கொடுத்தேன். அவன் வாங்கித் தின்றுவிட்டு இன்னொன்று கேட்டான்.

மதிப்பெண் நன்றாகவே வந்தது. கூட்டாளி மேலே பி.இ. படித்தாள், இப்போது சென்னையிலிருந்து ஊர் ஊராகப் போய் சிஎன்சி மிஷின்களைப் பழுது பார்க்கிறாள். பையில் அந்தந்த மிஷினின் புத்தகம் இருக்கும். நான் கோயம்புத்தூரில் பிளாஸ்டிக் குடத்துக்கும் டப்பாவுக்கும் அச்சு செய்யும் இடத்தில் புரோகிராம் எழுதுகிறேன். எங்கள் ஷாப்பில் இருக்கிற மிஷினுக்குள் நான் நடந்தே போகலாம், அவ்வளவு பெரியது. வேலைக்குச் சேர்ந்த வாரம் அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. ஒரு குழியை எப்படிக் குடைவது என்று தெரிந்தவளுக்கு நூறு குழியும் அதேதான். கூடுதல் நேரம் ஆகும்.

பரீட்சை முடிந்த பிறகு நடந்தது ஒன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கல்லைத் துறையின் கண்ணாடி அலமாரியில் வைக்க ஆசிரியர் எடுத்துக்கொண்டார். என் அம்மாவும் அவள் அம்மாவும் ஆளுக்கொன்று கேட்டார்கள். "ஃபைல் இருக்குல்ல, வெட்டிட்டாப் போச்சு," என்றேன். இரண்டு கட்டி வாங்கி வந்தோம். அண்ணா சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

கட்டியை அவள் உட்கார வைத்தாள். உயரம் வச்சாச்சா என்று நான் கேட்டேன். அவள் போய்ப் பார்த்துவிட்டு வச்சாச்சு என்றாள். பொத்தானை அமுக்கினேன். கட்டர் இறங்கி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, வெட்ட ஆரம்பித்தது. நாங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வேர்க்கடலையைப் பிரித்தோம். கட்டரை மாற்றினோம், உயரம் வைத்தோம், மறுபடி உட்கார்ந்தோம். அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வெட்டு ஆழமாகும்போது ஒரு மாதிரி முனகும், மேலே வரும்போது லேசாகும். எந்த இடத்தில் ஓடுகிறது என்று பார்க்காமலே சொல்ல முடிந்தது. அன்று பகல் முழுக்க அங்கே ஒன்றுமே நடக்கவில்லை. நாலாவது குழி முடிந்து மிஷின் தானே நின்றது. அவளை எழுப்பினேன். அவள் பிடிப்பானைத் தளர்த்தினாள், நான் பிரஷை எடுத்து அலுமினியத் துருவலைக் கூட்டித் தள்ளினேன். இரண்டாவது கட்டியை எடுத்து வைத்தோம்.